நாலாவது கால்

செம்மண்டலம் மரப்பட்டறை வாசலில் மினி லாரியோடு நின்றார் நெல்லிக்குப்பம் தங்கராசு. நாளைக்கு மகள் கல்யாணம். சீர்க்கட்டிலுக்கு மூன்று கால்கள் தயார். நாலாவதில் கயிறு திரித்தாற்போன்ற முறுக்கு வெட்டும்போது பழைய மெஷினின் பல்சக்கரம் உடைந்துவிட்டது.

"பாய், லியாக்கத் முறுக்குதான் வேணும்னு மாப்ள வீட்ல ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. வேற பட்டறையில வராதாமே?"

"இருவது வருசமா காப்பியடிக்கப் பாக்குறானுங்க. ஒருத்தனுக்கும் வரல," என்றார் பட்டறைக்காரர் லியாக்கத் அலி.

மெக்கானிக் கலைமணி, சிதம்பரம் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த சக்கரத்தை மாட்டினான். மெஷின் ஓடியது. நாலாவது காலும் வழவழவென்று வந்தது. அதை மற்ற மூன்றோடு நிறுத்திப் பார்த்த லியாக்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. முறுக்கு ஒத்துப்போகவில்லை.

"அடப்பாவி, தப்பான சக்கரத்த மாட்டிட்டியேடா!"

"இல்ல பாய். மெஷின்ல அடிச்சிருக்கிற நம்பர்தான் இதுலயும் இருக்கு, பாருங்க. ஒடஞ்சதுதான் வேற மெஷினோடது. ஒரு பல்லு ஜாஸ்தி. நீங்க செகண்ட்ஸ்ல வாங்குறதுக்கு முன்னாடியே எவனோ மாத்தி மாட்டியிருக்கான்."

"பாய், நேரமாவுது!" வெளியிலிருந்து தங்கராசு குரல் கொடுத்தார்.

லியாக்கத் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குப்பையில் கிடந்த உடைந்த சக்கரத்தைத் தேடியெடுத்து, சட்டையிலேயே துடைத்துக் கலைமணி கையில் வைத்தார்.

"மெதுவாப் பேசு. லேத்துக்கு ஓடு. இதே மாதிரி தப்பா ஒண்ணு செஞ்சி எடுத்துட்டு வா."