பசிக்கு எத்தனை மார்க்?

"பத்து பேருக்கும் பூஜ்யமா?"

டாக்டர் மைதிலி படிவங்களை மேஜைமேல் வீசிய வேகத்தில், ஊசிப் பெட்டி ஒன்று கீழே விழுந்தது.

லேப் டெக்னீஷியன் ஜெசிந்தா குனிந்து அதை எடுத்தாள். "அவங்க சொன்னதைத்தான் எழுதினேன் மேடம்."

கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்கிற ஊரில் ஒரு சமுதாயக்கூடம். சுவரோரம் பெஞ்சுகளில் மலை விவசாயிகள் பத்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு விரலில் பஞ்சு.

மைதிலி சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்தவர். ஒரே அளவு அரிசிச் சோறு சாப்பிட்டால், சமவெளிக்காரர்களுக்கும், தலைமுறை தலைமுறையாகச் சாமையும் ராகியும் சாப்பிட்டு வந்த மலைக்காரர்களுக்கும் ரத்தத்தில் சர்க்கரை ஒரே மாதிரி ஏறி இறங்குமா? பசி ஒரே நேரத்தில் திரும்புமா? அதுதான் அவருடைய கேள்வி.

மலையின் பெரிய ஊரான செம்மேட்டில் வேலை பார்க்கும் சமவெளி ஊழியர்கள் பத்து பேரைப் போன வாரமே சோதித்தாயிற்று. இந்த வாரம் இவர்கள். மூன்று நாள், மூன்று வகை அரிசி. காலையில் வெறும் வயிற்றில் அளந்து வைத்த சோறு. அப்புறம் மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும்தான். அரை மணிக்கு ஒரு தடவை விரலில் ஒரு குத்து. கூடவே ஒரு கேள்வி: பசி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்க.

முதல் இரண்டு நாளும் மைதிலி செம்மேட்டிலேயே இருந்துவிட்டார். இங்கே எல்லாம் ஜெசிந்தாதான். கடைசி நாள் என்று இன்றைக்குத்தான் நேரில் வந்தார்.

"முந்தாநாள் மூணாவது மணி நேரத்துல ஒம்பது, எட்டு, ஏழு. நேத்தும் அப்படியே. இன்னைக்கு மட்டும் எல்லாருக்கும் பூஜ்யம். ஒவ்வொருத்தரையா கேட்கச் சோம்பல்பட்டு நீயே உட்கார்ந்து எழுதிட்டே. அப்படித்தானே?"

"சத்தியமா இல்ல மேடம்."

"காளியண்ணன் யாரு?"

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்தார்.

"உங்க சர்க்கரை ஒரு மணி நேரத்துல நூத்தி எழுபதுக்கு ஏறி, இப்ப எழுபத்தொண்ணுக்கு இறங்கிக் கிடக்கு. கை நடுங்குது பாருங்க. பசிக்கலையா?"

"இல்லீங்க."

"கொஞ்சம்கூட?"

"வயிறு நெறைஞ்சு கெடக்குதுங்க."

சொல்லி வாய் மூடவில்லை. அவர் வயிறு கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி இரைந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மைதிலி அடுத்த ஆளிடம் போனார். "நீங்க?"

"பாப்பாயிங்க. எனக்கும் பூஜ்யமுங்க."

பெஞ்சு நெடுக அதே பதில்தான். எல்லோரும் ஒப்பித்தது போலச் சொன்னார்கள்.

மைதிலி திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. அதுதான் ஜெசிந்தாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நீயா எழுதியிருந்தாக்கூட ஒரு நாள் கணக்கோட போயிருக்கும். இவங்களையே பொய் சொல்லப் பழக்கி வெச்சிருக்கே. மூணு வருஷ உழைப்பு இது. இனி முதல் ரெண்டு நாளையும் யார் நம்புவாங்க? பையை எடு. மதியம் பஸ்ஸுக்கு இறங்கிப் போயிடு. உன்னை இனிமே எந்த ஆராய்ச்சியிலயும் சேர்க்கக் கூடாதுன்னு நான் எழுதிடறேன்."

ஜெசிந்தாவின் முகம் வெளுத்துவிட்டது. பெஞ்சுகளின் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, நான் உங்களுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுத்தனா? வாயைத் தொறந்து சொல்லுங்களேன்."

யாரும் நிமிரவில்லை. காளியண்ணன் தரையைப் பார்த்தார். பாப்பாயி முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

மூன்று நாள் விரல் வலிக்காமல் பார்த்துப் பார்த்துக் குத்தியவள். இவர்களா இப்படி? வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

"நில்லு கண்ணு!"

பாப்பாயி எழுந்து நின்றாள்.

"நீங்க உட்காருங்கம்மா" என்றார் மைதிலி.

"உக்கார மாட்டனுங்க. அந்தப் புள்ள ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்க. நேத்து ஊட்டுக்குப் போற வழியில நாங்களா பேசி வெச்சுக்கிட்டதுங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"எதுக்கு? என் வேலையைக் கெடுக்கறதுக்கா?"

"உங்க வேலையைக் கெடுத்து எங்களுக்கு என்னங்க ஆகப் போகுது? பசிக்குதுங்க. எல்லாத்துக்கும் பசிக்குதுங்க. எனக்குக் கண்ணைக் கட்டுது. பத்துக்குப் பத்துன்னே எழுதிக்கோங்க."

"அப்புறம் ஏன் பொய் சொன்னீங்க?"

பாப்பாயி காளியண்ணனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"மொத நாளு நான் ஒம்பதுன்னு சொன்னனுங்க. கடைசிக் குத்து முடிஞ்சதும் அந்தப் புள்ள தன்னோட டிபன் பாக்ஸை எடுத்து என் கையில குடுத்துட்டுது. நீ தின்னியா கண்ணுன்னு கேட்டதுக்கு, அப்பவே தின்னுட்டேன்னுது. நேத்து இவரு எட்டுன்னாரு. இவருக்குக் குடுத்துட்டுது. அப்பறம் பார்த்தா, பின்னால கொழாய்ல தண்ணியப் புடிச்சுக் குடிச்சுக்கிட்டு நிக்குது."

மைதிலி வாசலுக்கு நடந்து போய், ஜெசிந்தாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

"சாப்பாடு வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேம்மா. பசியே இல்லைன்னு எதுக்குச் சொல்லணும்?"

"வேண்டாம்னா கேக்குதுங்களா அது? அஞ்சு மாசமுங்க அதுக்கு. நாங்க பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா, வயித்துல இருக்கற சிசுவும் சேர்ந்தில்லீங்களா பட்டினி கெடக்கும்?"