குடிதான் பேசுது

“ரெண்டோட சரி. மூணாவது கேட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் இரண்டாவது பீர் டின் காலியாகிக்கொண்டிருந்தது. கணவன் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினான்.

குடியைக் குறைக்காவிட்டால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு வந்த ஏற்பாடு இது. வெளியே குடிப்பதில்லை. அவன் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். அவள் பூட்டி வைத்து, சாயங்காலம் இரண்டு டின் மட்டும் எடுத்துக் கொடுப்பாள். குடி என்றாலே முகம் சுளிக்கிறவள், அந்த டின்னைக்கூடப் புடவைத் தலைப்பால் பிடித்துத்தான் எடுப்பாள்.

இந்த யோசனையைச் சொன்னதே அவன்தான். எந்த வீட்டில் குடிக்கிறவன் தானாக முன்வந்து பெண்டாட்டியிடம் சாவியைக் கொடுக்கிறான்? அவள் பூரித்துப் போனாள்.

ஆனால் அவன் பேச்சு மட்டும் குறையவில்லை.

“உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது,” என்று அன்றைக்கும் ஆரம்பித்தான். நாக்கு குழறியது. “உன்னைக் கட்டுனதுதான் நான் பண்ணுன ஒரே தப்பு. உன் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தொலையேன். நான் நிம்மதியா இருப்பேன்.”

பேசிக்கொண்டே அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கையில் எடுத்தான். அவன் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். கழன்று கிடந்த எள்ளளவு திருகாணியைத் துளையில் வைத்து, ஒரே முயற்சியில் முடுக்கி, அவள் பக்கம் தள்ளினான்.

“இந்தா. இதைப் போட்டுக்கிட்டு நல்லாப் பாத்துப் பெட்டியக் கட்டு.”

அவள் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். வெளியே குடித்த காலத்தில் வந்ததும் சுருண்டு படுத்துவிடுவான். ஒரு வார்த்தை தப்பாக வந்ததில்லை. அளந்து அளந்து குடிப்பதால் வருகிற எரிச்சல் போலிருக்கிறது என்று, அவனுக்காக அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வீட்டில் இருந்தாள்.

காலையில் ஆளே வேறு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து கட்டிலோரம் நின்றான்.

“நேத்து ஏதாச்சும் உளறிட்டேனா? சத்தியமா ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க,” என்றாள். வீங்கிய கண்ணைக் கண்ணாடி மறைத்துக்கொண்டது.

டீ ஆறுவதற்குள் அவளுடைய அண்ணன் வந்து நின்றான். பஸ் டிரைவர், சிகரெட்டைக்கூடக் கையால் தொடாதவன். மாடி வீட்டுக்காரம்மா எல்லாவற்றையும் போனில் ஒப்பித்திருக்கிறாள். அண்ணனைக் கண்டதும் கணவன், “உக்காருங்க மச்சான், சாப்பிட்டுத்தான் போகணும்,” என்று பையை எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்கு ஓடினான்.

“துணிமணியை எடுத்து வை. கெளம்பு,” என்றான் அண்ணன்.

“நீ நெனைக்கிற மாதிரி இல்லண்ணே. அவரு தங்கம். குடிதான் பேசுது, அவரு பேசல.”

“தினம் பேசுதாமே.”

“கொறச்சுக்கிட்டே வர்றேன்ல? அடுத்த மாசம் ஒண்ணாக்கிடுவேன். என்னை நம்பித்தானே சாவியைக் குடுத்திருக்காரு? பாதியில விட்டுட்டு வந்தா அது நான் அவருக்குப் பண்ற துரோகம்ணே.”

சொன்னதோடு நிற்காமல் பீரோவைத் திறந்து காட்டினாள். புடவைகளுக்குக் கீழே டின்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அதைப் பார்த்ததும் அண்ணன் பீரோ பக்கம் பாய்ந்தான்.

“ஓஹோ! குடிச்சா யாரை வேணும்னாலும் என்ன வேணும்னாலும் பேசலாம். காலையில கேக்க நாதி இல்ல. அப்படித்தானே? மாப்பிள்ளை வரட்டும். நானும் குடிச்சுட்டே நாலு வார்த்தை கேக்குறேன்.”

ஒரு டின்னை உருவி, படக்கென்று திறந்து, மருந்து குடிக்கிற முகத்தோடு கடகடவென்று வாயில் ஊற்றிக்கொண்டான். அவள் பதறிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள்.

“ஐயோ, சாயங்காலம் உனக்கு டூட்டிண்ணே! வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டெப்போவுல ஊதச் சொல்லுவாங்களே! வேலை போயிடும்ணே, குடுத்துடு!”

“போனாப் போகுது. நீ கையை விடு!”

இழுபறியில் பாதி அவள் புடவையில் கொட்டியது. அந்த நேரம் பார்த்து, டெப்போ என்றும் ஊதுவது என்றும் அவள் போட்ட கூச்சலை வாசலிலேயே கேட்டுக்கொண்டு, காய்கறிப் பையோடு கணவன் உள்ளே வந்தான். வீட்டுக்கு வந்த மச்சான் ஆசையாய் ஒரு டின்னை எடுத்ததையும், பெண்டாட்டி அதைப் பிடுங்குவதையும்தான் அவன் கண்டான். கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்போடு பையைக் கீழே வைத்தான்.

“விடும்மா, மச்சான் குடிக்கட்டும். எத்தனை தடவை ஊதினாலும் ஒண்ணும் காட்டாது… அதுல போதையே கிடையாது!”