உப்புத்தாள்

உப்புத்தாள் மரக்குதிரையின் கழுத்தில் ஏறி இறங்கியது.

அவள் இரண்டடி தள்ளி நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

தேய்த்துக்கொண்டிருந்தவர் நாச்சிமுத்து. முக்கால்வாசி பார்வை போய்விட்டது. விரலால் தடவுவார். சொரசொரப்பு தட்டுப்பட்டால் அந்த இடத்தில் இன்னும் அழுத்தித் தேய்ப்பார். மேசைக்கடியில் பச்சையும் காவியுமாகத் தூள் விழுந்து கிடந்தது.

இருநூறு வருடத்து நிறம்.

பக்கத்தில் இன்னொரு குதிரை. முந்தாநாள் வரை இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. இப்போது அது தீயணைப்பு வண்டிச் சிவப்பு. எனாமல் பெயிண்ட் இன்னும் காயக்கூட இல்லை.

"வாங்க அம்மிணி" என்றாள் நாச்சிமுத்துவின் மனைவி மயிலாத்தா. "நீங்க சொன்னது நெசந்தானுங். இந்த அழுக்கோட யாரு வாங்குவா? ஒண்ணு முடிச்சுட்டாரு. இதும் பொழுது சாயறதுக்குள்ள ஆயிருமுங்."

சொன்னவள் இவள்தான்.

ஜெய்ப்பூர், கொச்சி, பாண்டிச்சேரி. பழம்பொருள் சந்தை எங்கே போட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இந்தத் தடவை கோயம்புத்தூர். பழையதை வாங்கி விற்பது பதினெட்டு வருடத் தொழில். பிடித்த பொருளை ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மட்டம் தட்ட வேண்டும். கடைசி நாள் மத்தியானம் திரும்பி வந்தால் பாதி விலைக்குக் கெஞ்சுவார்கள்.

முதல் நாள் அப்படித்தான் மூக்கைச் சுளித்தாள். "பெயிண்ட்டெல்லாம் உரிஞ்சு ஒரே அழுக்கு. சுத்தமாவாவது வெச்சிருக்கக் கூடாதா?"

பழகிய கடைக்காரன் என்றால் சிரித்திருப்பான். இவர்களுக்கு இதுதான் முதல் சந்தை. நம்பிவிட்டார்கள். சனியன், அப்படியே நம்பித் தொலைத்துவிட்டார்கள்.

நிறத்தோடு இருந்தால் ஒரு குதிரை நான்கு லட்சம். சென்னையில் ஓர் ஓட்டல்காரர் சுவரைக் காலியாக வைத்துக் காத்திருக்கிறார். நிறம் போனால் அடுப்புக்குத்தான்.

உப்புத்தாள் காதுக்கு ஏறியது.

"குடுங்க, கையில வாங்கிப் பார்க்கறேன்."

"இருங்க அம்மிணி, கையெல்லாம் ஒட்டிக்கும்" என்றார் நாச்சிமுத்து. நிறுத்தவில்லை.

வாயைத் திறந்து 'ஐயோ, தேய்க்காதீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குதிரை பிழைத்துக்கொள்ளும். விலை ஏறிவிடும்.

அவள் தடுக்காமல் பேரத்தைத் தொடங்கினாள்.

"இது மட்டும் போதும். நாலாயிரம்."

மயிலாத்தா முகம் சுருங்கியது. "ரெண்டும் சேத்திப் பதினஞ்சு சொன்னமுங்களே. இவருக்குக் கண்ணுல உள்நரம்பு ஆபரேசனுங். இலவச கேம்ப்புல செய்ய மாட்டாங்களாம். இருக்கற கொஞ்சப் பார்வையும் ஆறு மாசந்தான் தாங்குமுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்."

சரக், சரக்.

இடது காது வெறும் மரமாகிவிட்டது. இடது கன்னம் போகிறது. போகட்டும், இடது பக்கத்தைச் சுவரோடு வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். வலது பக்கம் இருந்தால் போதும். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

"அஞ்சு."

"எட்டாவது குடுங்க அம்மிணி."

நாச்சிமுத்து குதிரையை மறுபக்கம் புரட்டினார்.

"சரி, ஆறு!" குரல் உயர்ந்துவிட்டது. இருமிச் சமாளித்தாள். "எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. இப்பவே குடுத்தா ஆறு. இல்லேன்னா வேண்டாம்."

மயிலாத்தா கணவனைப் பார்த்தாள். அவர் கை நின்றது.

"குடுத்துரு" என்றார். "மூணு நாளா ஒருத்தரும் கேக்கல."

அவள் குதிரையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். வலது கண்ணில் பழைய மை இருந்தது. கழுத்துப் பட்டையின் பச்சை இருந்தது. பெற்ற பிள்ளையைக்கூட அவள் இவ்வளவு ஆசையாகத் தூக்கியதில்லை.

பணத்தை வாங்கிய மயிலாத்தா அதில் ஒரு ஐந்நூறைப் பிரித்து நீட்டினாள்.

"அரைகொறையாக் குடுக்கறமுங். நீங்களே யார்ட்டயாவது குடுத்துத் தேச்சுக்கங்க."

வேண்டாம் என்றால் சந்தேகப்படுவார்கள். வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

அதோடு போயிருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணின் மை அவளைப் போகவிடவில்லை.

"இது மாதிரி வேற ஏதாவது இருக்கா?"

"இருக்குங்களே! மொத்தம் ஏழு குதிரைங்க. ஒரே கை செஞ்சது. பஸ்ஸுல ரெண்டுதான் தூக்கிட்டு வர முடிஞ்சுதுங். மீதி அஞ்சும் ஊட்லதான் இருக்குது."

ஐந்து.

இருபது லட்சம். ஓட்டல்காரர் வேண்டாம், டெல்லிக்கே போகலாம். குரலை இறக்கி, சலிப்பாக வைத்துக்கொண்டாள்.

"எந்த ஊரு?"

"காங்கேயம் பக்கமுங்."

"நாளைக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு. முடிஞ்சா எட்டிப் பார்க்கறேன்."

"ரயிலுன்னீங்க?"

"தள்ளிப் போட்டுக்கறேன்."

மயிலாத்தா கும்பிட்டாள். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அந்த ஐந்தும் விற்றுவிட்டால் ஆபரேஷன் முடிந்த மாதிரிதான்.

"கட்டாயம் வாங்க. இதாட்டம் அரைகொறையா இருக்காதுங். நீங்க சொன்ன அன்னைக்கே எங்க மாப்பளைக்குப் போனு போட்டுச் சொல்லிப்போட்டமுங். மெசினு வாடகைக்கு எடுத்து அஞ்சையும் மொழுமொழுன்னு தேச்சு, நேத்தே பெயிண்ட்டும் அடிச்சுப்போட்டாரு."



நாச்சிமுத்து கையில் ஒட்டியிருந்த பச்சைத் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவள் நிற்பதாக அவர் நினைத்த பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"அம்மிணி மட்டும் சொல்லலீன்னா, அத்தனையும் அழுக்கோடயே வித்திருப்பமுங்."