சவுண்டு அண்ணனின் நீர்க்கோழி

சவுண்டு அண்ணன் கரைமேல் குப்புறப் படுத்து, சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மட்டுமல்ல, குடியிருப்பே அவர் பக்கத்தில் வரிசையாகப் படுத்துக் கிடந்தது. தையல்கார அக்கா முந்தானையை வாயில் திணித்திருந்தாள். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்கு விக்கல். பேக்கரிக்காரர் தொப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் போச்சு.

கரைக்குக் கீழே சதுப்பு நிலம். நாணலுக்கு முன்னால் மடக்கு நாற்காலியில், கழுத்தில் பைனாகுலரோடு, பறவை அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார்.

இங்கே பறவை இருக்கிறது என்று அவர் எழுதினால், வரப்போகிற நெடுஞ்சாலை சதுப்பைச் சுற்றிக்கொண்டு போகும். இல்லை என்று எழுதினால் நடுவில் பிளந்துகொண்டு போகும்.

பறவை இல்லை. அதற்குக் காரணமே சவுண்டு அண்ணன்தான்.

சாலை வேண்டாம் என்று மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. மைக்செட் தொழில் செய்கிற அண்ணன் சும்மா இருப்பாரா? கரை நெடுக ஒலிபெருக்கிகளைக் கட்டி, ‘பறவைகளைக் காப்போம்’ என்று காது கிழிய அலறவிட்டார். காப்பாற்றப்பட வேண்டிய பறவைகள் ஒன்றுவிடாமல் எழுந்து போய்விட்டன.

கோஷம் போட்ட மும்முரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. போன வாரம்தான் ஹெட்மாஸ்டர் நாணலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, காப்பாற்ற ஒரு குஞ்சுகூட இல்லையே என்றார். எல்லாரும் திரும்பிச் சவுண்டு அண்ணனைப் பார்த்தார்கள்.

சதுப்பு போனால் தன்னால்தான் போகும் என்று அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு சத்தம் கிடையாது. ஹாரன் இல்லை, பள்ளிக்கூட மணி இல்லை, மிக்சி இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டைகூட ஜாடையில்தான் நடந்தது. அப்படியும் நேற்று வரைக்கும் ஒரு பறவையும் கண்ணில் படவில்லை.

அதனால்தான் அண்ணன் ஊருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தார். நாணலுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கரை ஒளித்து, கரையோரம் இருக்கிற தன் வீட்டுக்கு ஒயர் இழுத்தார். மச்சான் எங்கிருந்தோ பிடித்து அனுப்பிய நீர்க்கோழிச் சத்தம் செல்போனில் தயாராக இருந்தது. ஆம்பிளிஃபையருக்குப் பக்கத்தில் மனைவி. துண்டை ஆட்டினால் போட வேண்டும், மறுபடி ஆட்டினால் கூட்ட வேண்டும், கழுத்தில் சுற்றினால் நிறுத்த வேண்டும்.

அதிகாரி அம்மா கொட்டாவி விட்டார். இனிமேல் தாங்காது என்று அண்ணன் துண்டை ஆட்டினார்.

வீட்டு வாசலில் மனைவி இரண்டு கையையும் ஆட்டினாள். என்ன என்று போய்க் கேட்கவும் வழியில்லை; அதிகாரி அம்மா கிளம்பும்வரை யாரும் இடத்தைவிட்டு அசையக் கூடாது, மூச்சுக் காட்டக் கூடாது என்று ஹெட்மாஸ்டர் உத்தரவு. புரிந்துவிட்டது என்கிறாள் போல, என்று அண்ணன் தலையாட்டினார்.

சற்று நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நாணலுக்குள்ளிருந்து நீர்க்கோழி கூப்பிட்டது.

அதிகாரி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு சவுண்டு அவர் கொடுத்ததே இல்லை.

மறுபடி துண்டை ஆட்டினார். அக்கரைப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வந்தது. அங்கே ஸ்பீக்கர் வைத்ததாக ஞாபகம் இல்லை. எதிரொலி என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

விஷயம் தெரியாத பேக்கரிக்காரர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அதிகாரி அம்மா பைனாகுலரை இறக்குவதும் எழுதுவதுமாக இருந்தார். அண்ணனுக்கு அந்த அம்மாமேல் பரிதாபமே வந்துவிட்டது. எவ்வளவு படித்து என்ன, ஸ்பீக்கருக்கும் பறவைக்கும் வித்தியாசம் தெரியவில்லையே.

ரொம்பப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று துண்டைக் கழுத்தில் சுற்றினார்.

சத்தம் நிற்கவில்லை, இன்னும் கூடியது.

அவிழ்த்துச் சுற்றினார். இறுக்கிச் சுற்றினார். கண் பிதுங்கியதுதான் மிச்சம். வாசலில் மனைவி தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். என்றைக்கு நம்ம பேச்சைக் கேட்டாள், இன்றைக்குக் கேட்க?

அதிகாரி அம்மா எழுந்து நாற்காலியை மடக்கினார். கரையேறி வந்து, ஹெட்மாஸ்டரிடம் தணிந்த குரலில் சொன்னார். சாலை சுற்றித்தான் போக வேண்டுமாம். உள்ளே நீர்க்கோழி கூடு கட்டத் தொடங்கியிருக்கிறதாம். இன்னும் கொஞ்ச நாளைக்கு இதே போலச் சத்தம் போடாமல் இருக்க முடியுமா என்றும் கேட்டார்.

ஜீப் மறைந்ததும் ஊரே எழுந்து கூத்தாடியது, வாயைப் பொத்திக்கொண்டு. தையல்கார அக்கா காற்றில் கைதட்டினாள், உள்ளங்கை படாமல். ஹெட்மாஸ்டர் பேக்கரிக்காரரைத் தூக்கப் பார்த்து, இருவருமாகப் புல்லில் உருண்டார்கள்.

சவுண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினார். மனைவியை முதலில் திட்டுவதா, கட்டிப் பிடிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இல்ல இல்லன்னு கைய ஆட்டி ஆட்டி என் தோளே போச்சு. விடிஞ்சதுலேருந்து கரண்ட் இல்லங்க.”

அண்ணன் ஆம்பிளிஃபையரைப் பார்த்தார். அதில் விளக்கு எரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீர்க்கோழிகள் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் போலிருந்தது அவருக்கு. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.