மூன்றாம் நம்பர் படகு

"அந்த ஆள் என்னைப் பார்த்து வாயை மூடுங்கறான் மேடம். ஒரு தடவை இல்லை, மூணு தடவை."

ஆற்றங்கரை இயற்கைப் பூங்காவின் அலுவலகத்தில் கோவர்த்தனன் மேஜையைத் தட்டினார். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடர். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் கீர்த்தியும் யஸ்வந்தும் பின்னால் நின்று, சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆந்திர எல்லையில், வரதய்யபாளையம் தாண்டி இந்தப் பூங்கா வந்து ஆறு மாதம் ஆகிறது. படகில் துடுப்பு போட ஒரு டிக்கெட், காட்டுக்குள் நடக்க ஒரு டிக்கெட், கூடாரத்தில் தரையில் படுக்க ஒரு டிக்கெட். இதையெல்லாம் பரம்பரையாக ஓசியில் செய்துவந்த அக்கம்பக்கத்து ஜனங்கள், தாங்கள் இத்தனை காலம் எவ்வளவு வசதியாக வாழ்ந்திருக்கிறோம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

கம்பெனி பன்னிரண்டு பேரை அனுப்பியிருந்தது. இயற்கையோடு கலந்தால் ஊழியர்கள் மனம்விட்டுப் பேசுவார்களாம். பேசுகிற வேலை முழுவதையும் கோவர்த்தனனே பார்த்துக்கொண்டார். பஸ் வரதய்யபாளையம் கடைத்தெருவில் நின்றபோது மட்டும் வாய் திறக்கவில்லை. வெயில் என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். வெயில் எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

பூங்கா வாசலில் தெலுங்கில் ஒரு பலகை. "என்ன சார் எழுதியிருக்கு?" என்று கீர்த்தி கேட்டாள்.

"எனக்கென்னம்மா தெரியும்? நான் பொறந்தது வளர்ந்தது எல்லாம் மாம்பலம். எனக்கு எல்லாம் ஜாங்கிரி பிழிஞ்ச மாதிரி இருக்கு."

காட்டுக்குள் நடந்தபோது எல்லோர் துணியையும் முள் பிடித்து இழுத்தது. அவர் மட்டும் கிளையை ஒரு கையால் ஒதுக்கி, தோளைச் சாய்த்து, கீறல் இல்லாமல் போனார்.

"எங்க சார் கத்துக்கிட்டீங்க?" என்றான் யஸ்வந்த்.

"ஜிம்லதான்."

அதன் பிறகு படகு. நடு ஆற்றில், அடுத்தவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதன் அருமை பற்றி அவர் முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கரையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏய், மூடு… மூடு… மூடு…"

யஸ்வந்த் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்துவிட்டான். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

மேனேஜர் இந்திராணி கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான். படகுத்துறை முனிசாமியை வரவழைத்தார். முனிசாமி பூங்காத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் சாரைச் சொல்லல மேடம். போட் நம்பரைச் சொன்னேன். அவுங்க டைம் முடிஞ்சி அரமணி ஆயிப்போச்சி. மூணாம் நம்பரு, கரைக்கு வந்துடுன்னு கூப்ட்டேன். தெலுங்குல மூணுக்கு மூடுன்னு சொல்றது."

"நீ தமிழ்தானே பேசறே?" என்றார் கோவர்த்தனன்.

"வூட்ல தமிழுதான் சார். படிச்ச இஸ்கூலு தெலுங்கு. அதனால எண்றப்போ மட்டும் ஒகட்டி, ரெண்டு, மூடுன்னுதான் வாயில வருது. இந்தப் பக்கம் எங்க ஜனம் பூரா அப்பிடித்தான் எண்ணிக்கினு கீது."

"கேட்டுக்குங்க மேடம். பேசறது தமிழாம், எண்றது தெலுங்காம். கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க. அப்படி ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, நான் புகாரே குடுக்கலைன்னு போறேன்."

"விட்டுடுங்க சார், இன்னும் கூடாரம் போடணும்" என்றாள் கீர்த்தி.

"இது தன்மானப் பிரச்சினைம்மா."

முனிசாமி கோவர்த்தனனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இந்திராணி பக்கம் திரும்பினார்.

"மேடம், பத்து வருசம் மெட்ராசுல கட்டட வேல செஞ்சிக்கினு இருந்தேன். இந்த ஆறு மாசமாத்தான் பொண்டாட்டி புள்ளைங்களோட உக்காந்து சோறு துன்றேன். இந்த வேல போச்சின்னா திரும்பவும் பஸ் ஏறணும்."

அவர் சொல்வது நிஜம் என்றுதான் இந்திராணிக்குப் பட்டது. ஆனால் தலைமை அலுவலகம் கொடுத்திருந்த விதிமுறைப் புத்தகத்தில், வாடிக்கையாளர் தப்பாகச் சொல்வதற்கென்று பக்கம் ஒதுக்கப்படவில்லை.

"தொப்பியை வெச்சிட்டுப் போங்க, முனிசாமி" என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல்.

முனிசாமி தொப்பியை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தார். கோவர்த்தனன் புகாரின் அடியில் ஆங்கிலத்தில் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

"சார், உங்க படகு ஜாக்கெட்டுகளை நீங்களே எண்ணி வெச்சிடுங்க" என்றார் இந்திராணி. "எண்ணி வாங்கற ஆளைத்தான் இப்ப அனுப்பியாச்சு."

"அதுக்கென்ன மேடம், தாராளமா."

ஜெயித்த சந்தோஷத்தில் கை சுறுசுறுப்பாக இருந்தது. தன்னுடையதையும், கீர்த்தியும் யஸ்வந்தும் கழற்றிக் கொடுத்ததையும் வாங்கி ஒவ்வொன்றாக மேஜைமேல் போட்டார்.

"ஒகட்டி. ரெண்டு. மூடு."

இந்திராணி புகார்த்தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். வாசலில் நின்றிருந்த முனிசாமியிடம் தொப்பியை நீட்டினார்.

கீர்த்திதான் ரொம்பப் பணிவாகக் கேட்டாள்: "சார், இப்ப நீங்க யாரை மூடச் சொன்னீங்க?"