நாற்பத்தொன்று, பதினேழு

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விளைச்சலை அளக்க வரும் இன்ஸ்பெக்டர்கள் முன்பெல்லாம் ரோட்டோரம் நல்ல செடியாகப் பார்த்துத் தோண்டி, எடைபோட்டுக்கொண்டு போவார்கள். அது சரியான புள்ளிவிவரம் இல்லை என்று எண்பத்துநாலில் முறையை மாற்றினார்கள். வரப்போரம் எத்தனை தப்படி, உள்ளே எத்தனை தப்படி என்று குலுக்கலில் எடுத்த எண்களோடு மெட்ராஸிலிருந்தே சீட்டு வந்தது.

வல்லத்தில் பாஞ்சாலியின் நிலத்துக்கு நாற்பத்தொன்று, பதினேழு என்று விழுந்தது. திண்டிவனத்து இன்ஸ்பெக்டர் சீனுவாசன் அங்கே முளையடித்தார். ஆடியில் அவள் புருஷன் தணிகாசலம் பாம்பு கடித்துச் செத்துக் கிடந்த இடம் அது.

மறு வருஷமும் அதே எண்கள்.

"அந்த எடத்த மட்டும் தோண்டாதீங்க சார். அவர நிம்மதியா வுடுங்க."

"நம்பரு என் கையில இல்லம்மா. மாத்துனா என்னைத் தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கிடுவாங்க."

தோண்டினார்.

மூன்றாம் வருஷம் பாஞ்சாலி அந்த நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, அனந்தபுரத்தில் தம்பியின் நிலத்தில் பயிர் வைத்தாள். கார்த்திகையில் ஒரு காலை சீனுவாசன் அங்கே வந்து நின்றார்.

"நீயாம்மா? இங்க இன்னா பண்றே?"

சீட்டைப் பிரித்தவர் அதை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். நாற்பத்தொன்று, பதினேழு.

இருவரும் எண்ணிக்கொண்டே நடந்தார்கள். நிலமெங்கும் செடிகள் பனியில் நனைந்திருந்தன. எண்ணி முடித்த இடத்தில் மட்டும், ஓர் ஆள் படுத்த நீளத்துக்கு, செடிகள் அமுங்கி, பனி படாமல் காய்ந்து கிடந்தன.

பாஞ்சாலி குனிந்து தொட்டாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது.

"தள்ளிப் போய் முளைய அடிங்க சார்" என்றாள், தூங்குகிறவரை எழுப்பிவிடாத குரலில்.

சீனுவாசன் பேனாவை எடுத்து எண்களை அடித்துவிட்டு, வேறு எழுதினார்.