இரண்டு சாக்குகள்

துமிரா சாக்கின் வாயை முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டுக் கட்டினாள். "பயம் வந்துடுச்சு பாரு!" என்று சிரித்தான் கர்ஜோ. செங்கல் சூளைக்காரன், ஊர்த் தலைவர் சுகிமனின் மச்சான்.

டியெங் மலையில் பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம், வெந்நீரோடு வரும் வெள்ளைச் சேற்றை மலைமலையாகக் கொட்டி வைத்திருந்தது. அதில்தான் துமிராவும் இன்னும் ஏழு பெண்களும் கல் அறுத்தார்கள். பள்ளிக்கூடச் சுவருக்கு யாருடைய கல் என்று இன்று முடிவாகும். அவள் கல் உடைந்தால் பட்டறையையே மூடிவிட வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

"குப்பைச் சேறு! அதுலயா பிள்ளைங்க படிக்கிற சுவரு?" என்றார் தலைவர்.

"எங்க கல்லு உங்க மச்சான் கல்லுல பாதி கனம்தான், தலைவரே. ஆனா கெட்டி. போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் துமிரா. "சில்லு யார் கண்ணுலயும் தெறிக்கக் கூடாதுன்னு ரெண்டு பேர் கல்லையும் தனித்தனிச் சாக்குல கட்டியிருக்கேன்."

ஒன்று மின்நிலையத்தின் பெயர் போட்ட சாக்கு. மற்றது கர்ஜோ வீட்டு உருளைக்கிழங்குச் சாக்கு.

தலைவர் கிழங்குச் சாக்கை ஒற்றைக் கையால் தூக்கினார். தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல, முழங்கால் உயரத்திலிருந்து பாறையில் விட்டார். "பாத்தீங்களா? ஒண்ணுமே ஆகல!"

அடுத்தது மின்நிலையச் சாக்கு. இரண்டு கையாலும் தம் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி, ஓங்கி அறைந்தார். உள்ளே கல் பொலபொலவென்று நொறுங்கியது.

"இது என்ன நியாயம்?" துமிரா கத்தினாள். "தைரியம் இருந்தா அதையும் இதே மாதிரி ஓங்கி அடிங்க. ஊரே பாக்கட்டும்!"

"அடிச்சா என்ன? இந்தா!" கிழங்குச் சாக்கும் அதே வேகத்தில் பாறையில் மோதியது. தலைவர் தடவிப் பார்த்தார். கல் முழுசாக இருந்தது.

"கல்லுன்னா இது கல்லு! பள்ளிக்கூடச் சுவரு இந்தக் கல்லுலதான். எல்லாரும் சாட்சி!"

கூட்டம் கைதட்டியது. கர்ஜோ ஓடிவந்து தலைவரைக் கட்டிக்கொண்டான்.

துமிரா கிழங்குச் சாக்கின் முடிச்சை அவிழ்த்து, அதன் வாயை அவர்கள் பக்கம் விரித்துப் பிடித்தாள். உள்ளே முழுசாக ஒரு வெள்ளைக் கல்.

"நீங்க எதை ஓங்கி அடிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா, தலைவரே? உடைஞ்சது உங்க மச்சான் கல்லு!"